சிறு விவசாயியின் கூடையும் ரயில் வண்டியும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நெல் விளைவிப்பவர், விலை இறங்கினால் மூட்டையை வீட்டில் அடுக்கிச் சிறிது காலம் காத்திருக்கலாம். தக்காளியும் கத்தரியும் விளைவிப்பவருக்கு அந்த வசதி இல்லை. பறித்த காய் மறுநாளே வாடத் தொடங்குகிறது. ஆகவே அருகிலுள்ள மண்டியில் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்புகிறார். அதே நாளில் தொலைவிலுள்ள நகரம் ஒன்றில் அக்காய்க்கு நல்ல விலை கிடைக்கக்கூடும். ஆனால் அங்கே அனுப்ப ஒரு லாரி நிறையச் சரக்கு வேண்டும். அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் இருப்பதோ இரண்டு கூடை. இந்த இடைவெளியை ரயிலின் துணைகொண்டு எவ்வாறு கடக்கலாம் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருளாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் ‘கிசான் ரயில்’ புறப்பட்டது. 1,519 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ 32 மணி நேரத்தில் கடக்குமாறு அதற்குக் கால அட்டவணை வகுக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதமே ஆந்திரத்தின் அனந்தப்பூரிலிருந்து தில்லிக்கு அத்தகைய வண்டி சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 28-இல் மகாராஷ்டிரத்தின் சாங்கோலாவிலிருந்து மேற்கு வங்கத்தின் ஷாலிமாருக்கு நூறாவது வண்டி புறப்பட்டது. காலிபிளவர், முட்டைக்கோசு, முருங்கைக்காய், மிளகாய், வெங்காயம், திராட்சை, மாதுளை ஆகிய பலவும் அந்த ஒரே வண்டியில் ஏறின.

இவ்வண்டிகளின் சிறப்பு அவற்றின் வேகத்தில் மட்டும் இருக்கவில்லை. இன்ன அளவுக்குக் குறைந்த சரக்கை ஏற்கமாட்டோம் என்ற நிபந்தனை அவற்றில் இருக்கவில்லை. வழியில் நின்ற நிலையங்களிலெல்லாம் ஏற்றவும் இறக்கவும் இடமிருந்தது. மூன்று கிலோ மாதுளை கொண்ட ஒரு பொட்டலமும், பதினேழு டஜன் முட்டையும் அவ்வாறு பயணம் செய்ததாக, நூறாவது வண்டியின் தொடக்க விழாவில் பிரதமர் எடுத்துக் கூறினார். முதலில் வாரம் ஒருமுறை ஓடிய தேவ்லாலி வண்டி, சரக்கு பெருகவே, சில வாரங்களில் வாரம் மும்முறை ஓடலாயிற்று. சரக்கு திரண்டால் வண்டி தானே வரும் என்பதை இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

அந்நாளில் காய்கனிகளுக்கான ரயில் கட்டணத்தில் பாதியை உணவு பதப்படுத்தும் தொழில்துறை அமைச்சகம் மானியமாக ஏற்றது. அவ்வேற்பாடு 2022 மார்ச் மாதத்துடன் முடிவுற்றது. மானியம் வரும், போகும். நம்மிடம் நிலைத்து நிற்கக்கூடியது ஒற்றுமையாகச் சரக்குச் சேர்க்கும் பழக்கம் ஒன்றே.

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். உயர் கொள்ளளவுள்ள பார்சல் பெட்டி ஒன்று 23 டன் கொள்ளும். சமவெளிப் பகுதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு, 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். அவர்கள் ஆளுக்கு 77 கிலோ கொண்டுவந்தால் பெட்டி நிறைந்துவிடும்! அவ்வளவு இல்லையெனில், பயணி ரயில்களில் கார்டு பெட்டியை ஒட்டியுள்ள சரக்கறை இருக்கிறது. அதில் சுமார் 4 டன் ஏற்றலாம். ஐம்பது விவசாயிகளின் சரக்கு அதற்குப் போதும்.

ஆயினும் ரயில் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை. நிலையத்தில் அது நிற்கும் சில நிமிடங்களுக்குள் சரக்கு ஏறியாக வேண்டும். எனவே வேலையின் பெரும்பகுதி கிராமத்திலேயே முடிந்திருத்தல் அவசியம். அதற்குச் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, அதிகாலைக் குளிர்ச்சியில் பறித்து நிழலில் வைத்தல் வேண்டும். காயின் சூடு பத்து டிகிரி சென்டிகிரேடு கூடினால், அது கெடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. தக்காளியை நிறம் திரும்பும் பருவத்திலேயே பறித்தல் நலம்.

இரண்டாவது, பழுத்த வாழையையும் மாம்பழத்தையும் கீரை, முட்டைக்கோசு ஆகியவற்றின் அருகில் அடுக்கலாகாது. பழம் வெளியிடும் எத்திலீன் வாயு இலைகளை மஞ்சளாக்கிவிடும். கூடைகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும்.

மூன்றாவது, பஞ்சாயத்துக் கட்டடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு தராசும் ஒரு பதிவேடும் வைத்து, ஒவ்வொருவர் சரக்கின் எடையையும் தரத்தையும் அவர் முன்னிலையிலேயே எழுத வேண்டும். கணக்குத் தெளிவாக இருந்தால்தான் ஒற்றுமை நிலைக்கும்.

நான்காவது, போய்ச்சேரும் ஊரில் சரக்கைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பதை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். பிளாட்பாரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் காய், மண்டியில் மலிவாக விற்ற காயைவிடப் பெரிய நஷ்டம்.

ஐந்தாவது, கட்டு நன்றாக இருக்கட்டும். கட்டு சரியில்லை என்று அனுப்புச் சீட்டில் குறித்துவிட்டால், அதனால் ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாக ரயில்வே பொறுப்பேற்காது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சரக்கு கெட்டாலும் காணாமற்போனாலும், ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் இழப்பீடு கோர வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் கூறுகிறது.

எல்லாச் சரக்கும் ரயிலுக்கு ஏற்றதன்று. பக்கத்து நகரத்துக்கு லாரியே போதும். வயலிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து சந்தைக்கும் வண்டிக்கூலி உண்டு என்பதையும் கணக்கிட வேண்டும். தூரம் மிகுந்து, சரக்கும் திரண்டிருக்கும் இடத்தில்தான் ரயில் லாபம் தரும்.

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தக் காய் எத்தனை மூட்டை விளைகிறது என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். அதை எடுத்துக்கொண்டு நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து, அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். எந்த வண்டியில் இடம் உண்டு, எவ்வளவு நேரம் நிற்கும், கட்டணம் என்ன என்று கேட்டறியுங்கள். தனியாகச் சென்று கேட்பவருக்குக் கிடைக்காத பதில், நூறு மூட்டைக் கணக்குடன் செல்பவர்களுக்குக் கிடைக்கும். இரண்டு கூடைக்காரரும் தொலைதூரச் சந்தையில் தம் விலையைக் கேட்டு விற்கும் நாள் வரவேண்டும். அதற்கான முதல் வேலை நம் ஊர்த் தராசடியில்தான் தொடங்குகிறது.