இடையில் ஒரு கப்பல்



மோட்டார் வண்டியிலேயே வெளிநாடு சென்று வருவது என்றால் நம்மில் பலருக்கு ஐரோப்பாவே நினைவுக்கு வரும். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் அவ்வளவு தொலைவு எண்ண வேண்டியதில்லை. கிழக்கே இலங்கை இருக்கிறது. அங்கும் வண்டிகள் சாலையின் இடப்புறமே செல்கின்றன. ஊர்ப் பெயர்ப் பலகைகளிலும் தமிழ் உண்டு. இடையே உள்ள தடை கடல் ஒன்றுதான். அக்கடலை உள்ளிட்டுப் பயணத்தை வகுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

இது உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பயனாக இலங்கை மலைநாட்டிலிருந்து தலைமன்னார் - இராமேசுவரம் கப்பலில் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் கேரளத்தில் புனலூரை அடுத்த ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1976இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அதற்காகவே அமைந்தது. அண்ணன் புனலூரில் ரப்பர்ப் பால் எடுக்க, தங்கை ஹட்டன் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பங்கள் உண்டு. அத்தகையோர் இன்று முதியோர். அவர்களுக்குக் கடல் கடத்தல் என்பது உடன்பிறந்தாரை ஒருமுறை காண்பது.

இவ்வழியில் இரவுக் கப்பல் புதுமையன்று. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் ஏற்படும் வரையில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியிலேயே கப்பலேறினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் சுதேசிக் கப்பல்கள் ஓடியதும் அவ்வழியில்தான். நெடுங்காலத்துக்குப் பின், 2011 ஜூன் மாதத்தில், ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே இரவுப் பயணமாக ஓடத் தொடங்கியது. அக்கப்பல் முன்பு அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரிலிருந்து கனடாவின் யார்மத் துறைமுகத்துக்கு மனிதரையும் அவர்தம் மோட்டார் வண்டிகளையும் இரவோடிரவாகச் சுமந்து சென்றது. நம் கடலில் அது ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே, அதே ஆண்டு நவம்பரில், நின்றுபோயிற்று.

அவ்வழியின் அருமையைத் தொலைவுக் கணக்கே காட்டும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து ஹட்டன் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, மாலையில் கப்பலேறி, இரவு உறங்கி எழுந்தால் மறுநாள் பிற்பகலுக்குள் உறவினர் வீட்டு வாயிலை அடையலாம். முதியவர் ஒருவருக்கு இதனினும் ஏற்ற வழி வேறில்லை.

இன்று உள்ள கப்பல் வழி வேறு. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ கப்பல் ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கவே, சில நாட்களில் அது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16 முதல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அவ்வழியை ஏற்றது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பகற்பயணம். அது ஆட்களை ஏற்றும் கப்பல். கார்களை ஏற்றும் கப்பலன்று. மேலும், நாகப்பட்டினம் நமக்கு 500 கிலோமீட்டருக்கு அப்பால். காங்கேசன்துறையிலிருந்து ஹட்டனோ இன்னும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆயினும் ஐந்தாறு பேராகச் செல்லும் எளிய குடும்பம் கட்டணத்தை ஒப்பிட்டே முடிவு செய்யும்.

எவ்வழியாயினும், இடையில் கப்பல் உள்ள பயணத்துக்கு முதல் விதி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து கணக்கிடத் தொடங்காதீர்கள். கப்பலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சாலையில் இரண்டு மணி நேரம் தாமதித்தால் இரண்டு மணி நேரமே இழப்பு. கப்பலுக்கு இரண்டு மணி நேரம் தாமதித்தால் ஒரு நாளோ, பல நாட்களோ இழப்பாகும். சுங்கச் சோதனைக்கும் கடவுச்சீட்டுச் சோதனைக்கும் போதிய நேரம் விட்டு, முதல்நாள் இரவே துறைமுக ஊரில் தங்கிவிடுவது நன்று. திரும்பி வந்து பணியில் சேரும் நாளுக்கும் கப்பல் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது ஒழிவாக இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். அப்போது கால அட்டவணையைக் கடலே எழுதுகிறது.

இரண்டாவது, தாள்கள். கடவுச்சீட்டும் இலங்கையின் மின்னணு முன் அனுமதியும் ஒவ்வொருவருக்கும் தேவை. அங்கே வாடகை வண்டியைத் தாமே ஓட்ட விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெறலாம், ஓராண்டு செல்லும். இலங்கையில் அதற்கு அங்கீகாரமும் பெற்றாக வேண்டும். சொந்த வண்டியை ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுபோக வேண்டுமானால், பல நாடுகள் ‘கார்னே’ என்னும் சுங்க ஏட்டைக் கேட்கின்றன. ‘கார்னே’ என்பது பிரெஞ்சு மொழியில் குறிப்பேட்டைக் குறிக்கும். வண்டியின் மதிப்புக்கேற்ற பிணையம் கட்டி, மும்பையிலுள்ள மேற்கு இந்திய மோட்டார் சங்கம் போன்ற அமைப்பிடம் பெற வேண்டும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டி அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதிச் சுங்கவரி கேட்பர்.

மூன்றாவது, கப்பலில் கழியும் இரவு. உலகில் எங்கே இரவுக் கப்பலில் வண்டியை ஏற்றினாலும், கடலில் செல்லும்போது வண்டித்தளம் பூட்டப்பட்டிருப்பதே பொது வழக்கம். ஆகவே மருந்து, கம்பளி, கடவுச்சீட்டு, குழந்தையின் பால் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். வண்டியின் பின்பெட்டியில் அல்ல.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்னும் முறையில் ஒரு சொல்லும் கூற வேண்டும். அங்கே அலுவலகத் தமிழ் சற்று வேறு. நாம் துறை என்பதை அவர்கள் திணைக்களம் என்பர். ஓட்டுநர் உரிமம் அங்கே சாரதி அனுமதிப்பத்திரம். படிவம் நிரப்பும்போது திகைக்க வேண்டாம்; நம் மொழியேதான்.

நேயர்களே, தூத்துக்குடி - கொழும்பு இரவுக் கப்பல் மீண்டும் வருமாயின், அது பயணிகள் நிறைந்தால்தான் நிலைக்கும். அதுவரை முதியோரைக் காத்திருக்கச் சொல்வது முறையாகாது. உங்கள் இல்லத்தில் அக்கரை காண விழையும் தாயோ தந்தையோ இருப்பின், முதலில் அவர்களுக்குக் கடவுச்சீட்டு எடுத்து வையுங்கள். கப்பலோ விமானமோ, வழி பின்னர் அமையும். முதுமைக்குத்தான் ஒழிவு நாள் இல்லை.