மிதிவண்டியில் மேற்கு நோக்கி



கீழ் என்பது தாழ்வு. மேல் என்பது உயர்வு. அவற்றினின்றே கிழக்கும் மேற்கும் பிறந்தன. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாய்ச் சாய்ந்த நிலத்தில் வாழ்ந்த மக்களே இப் பெயர்களை இட்டிருத்தல் கூடும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலால் உலகறிந்த உண்மை இது. ஆயினும், நூலிற் கற்பதினும் காலால் உணர்வது வலிது.

காலால் உணர விரும்புவோர் குழுவாக ஒரு நாள் நெல்லையினின்று குற்றாலத்திற்கு மிதிவண்டியிற் செல்லல் வேண்டும். தென்காசி வரை ஏறத்தாழ 55 கி.மீ. சாலை மட்டமாகவே தோன்றும். ஆனால், ஆலங்குளம் கடக்குமுன் தொடை கடுக்கும். கரணியம் இரண்டு. நிலம் மலை நோக்கிச் சிறுகச் சிறுக உயர்கின்றது. ஆனி ஆடியிலோ செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று நெஞ்சில் மோதுகின்றது. வழிநெடுகச் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சான்று.

பாவூர்ச்சத்திரத்தில் பெருஞ்சாலையை விட்டுச் சுரண்டைச் சாலையில் திரும்பினால் கீழப்பாவூர். ஊர்ப்பெயரிலேயே 'கீழ்' நிற்கின்றது. அதற்கு இணையாக மேலப்பாவூரும் உண்டு. அங்கே வழி கேட்டுப் பாருங்கள். "இடப்பக்கம் திரும்பு" என்று முதியோர் சொல்லார். "அப்படியே மேக்க போயி வடக்க திரும்புங்க" என்பர். கல்லாதார் வாயிலும் நிலமே மொழியாய் நிற்கின்றது!

குளக்கரையில் சற்று அமர்ந்தால் மேலும் சொற்கள் கிடைக்கும். நீர் திறப்பது மடை. மிகுநீர் வழிவது மறுகால். குளத்து நீர் பாயும் வயற்பரப்பு பத்து. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த பாவாணர், நூல்வழக்கோடு இத்தகைய உலக வழக்கையும் சொல்லாய்வுக்குச் சான்றாகக் கொண்டார். நகரத்து அறையிலிருந்து தமிழ்காக்க எழுதும் இளைஞர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொல் தனித்து வாழ்வதில்லை. 'மிதிவண்டி' என்றதும் நகைத்தவர் பலர். இன்றோ, அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியோடு அச்சொல்லும் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பொருளோடு வந்த சொல் நிலைத்தது. இதன் மறுபக்கமும் உண்மையே. குளம் தூர்ந்து மனைகளானால் மறுகால் எங்கே? மடை எங்கே? அகரமுதலியில் எழுத்தாய்க் கிடக்கும். எவர் நாவிலும் இராது. குளத்தைக் காவாதவன் சொல்லைக் காத்தான் என்பது பொய்.

பொருள் இருந்தும் சொல்லை இழப்பது அதனினும் இழிவு. மாலையில் குற்றாலம் சேர்வோரை முதலில் நனைப்பது சாரல். அரசு எடுக்கும் விழாவின் பெயரும் சாரல் விழாவே. ஆயினும் வருவோர் வாயிலெல்லாம் 'சீசன்'! உடல் நனையும் போதே நா வறண்டு நிற்பதா?

மறுநாள் கிழக்கே திரும்புகையில் மிதி இலேசாகச் சுழலும். காற்று முதுகைத் தள்ளும். அருவிநீரைச் சுமந்த சிற்றாறும் அவ்வழியே பொருநையை நாடி இறங்கும். கிழக்கு ஏன் கீழ் என்பது அப்போது எவரும் விளக்காமலே விளங்கும்.

இளைஞர்களே, வண்டியை எடுங்கள். சிற்றூர்களுக்குக் கற்பிக்க அன்று, கற்க! குறிப்பேடு ஒன்று கையில் இருக்கட்டும். குளக்கரை முதியோர் இருக்கும் போதே செல்லுங்கள்.