விடுதலையும் வீடும்
(மதுரையில் தனித்தமிழ் அன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வழங்கும் சுவாகிலி மொழியில் விடுதலைக்கு 'உகுரு' என்று பெயர். 1961இல் தங்கனீகாவும் 1963இல் கென்யாவும் வெள்ளையர் ஆட்சியினின்று நீங்கியபோது மக்கள் முழங்கிய சொல் அது. கிளிமஞ்சாரோ மலையின் கொடுமுடிக்கும் அதுவே பெயர். 'உ' என்பது பண்புப்பெயராக்கும் முன்னொட்டு. எஞ்சிய பகுதி, அடிமையல்லாதவன் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சான்சிபார் அடிமைச்சந்தை 1873 வரை நடந்த கரை அது. ஆங்கு அச்சொல்லின் பொருளை விளக்க அகரமுதலி வேண்டுவதில்லை.

நம் சொல்லைக் காண்போம். 'விடு' என்னும் முதனிலையினின்று தோன்றியது விடுதலை. விடுப்பும் விடுதியும் அதன் உடன்பிறப்புகள். அம்முதனிலை நீண்டு 'வீடு' ஆயிற்று. நாம் உறையும் மனையும் வீடு; அறம், பொருள், இன்பத்தின் மேலான நான்காம் பேறும் வீடு!

'சுதந்திரம்' வடசொல், தன்னையே சார்ந்திருத்தல் என்பது அதன் பொருள். ஆயினும் நம் நாட்டுப்புறக் களத்துமேட்டில், காணியாளரும் ஊர்ப்பணியாளரும் வழிவழியாகப் பெற்ற நெற்பங்கும் சுதந்திரம் எனப்பட்டது. அது பிறப்பால் சிலர்க்கு வாய்த்த வருவாய். எல்லார்க்கும் பொதுவாகிய நிலையன்று.

"விடுதலை என்பது சிறைக்காவலன் கதவு திறந்துவிடுவதுபோல் பிறர் தருவதன்றோ?" என்பர் சிலர். அன்று. திருக்குறளில் துறவு அதிகாரத்தைப் பாருங்கள். ஆங்குப் பற்றை விடுபவன் தானேயாவான். எவரும் அவனை விடுவிப்பதில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பெற்ற ஆடவர் பலர், இரவில் தம் மனையில் உறங்கவும் உரிமையின்றிக் காவல்நிலையத்தில் கிடந்தனர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் விரல்வரி பதிக்க மறுத்தனர். 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலர் இரையாயினர். மாயக்காள் என்னும் பெண்மணியும் அவருள் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்தான். தம் மனையில் அச்சமின்றிக் கண்ணுறங்குவதே அம்மக்கள் வேண்டிய விடுதலை. வீடும் விடுதலையும் ஒருவேரின என்பதை அவர்தம் வாழ்வே மெய்ப்பித்தது.

ஆகவே அன்பர்களே, ஆகத்து 15ஆம் நாள் அழைப்பிதழில் 'விடுதலைநாள்' என்றே அச்சிடுங்கள். அச்சிட்டபின், தன் மனையில் அச்சமின்றி உறங்க இயலாத தமிழர் இன்னும் நம் ஊரில் உளரா என்று பாருங்கள். ஒருவர் உளரேனும், அச்சொல்லுக்குரிய பணி முடியவில்லை.

வெல்க தமிழ்!