சரக்கு போனா போதுமா, பணம் வரணுமே!
(கேளம்பாக்கத்தில் சிறுதொழில் செய்வோரிடையே பேசியது)

உப்பளம் பார்த்து வளர்ந்த உங்களுக்கு மூட்டைக் கணக்கு புதுசில்ல. ஆனா கடல் தாண்டிப் போற மூட்டைக்குக் கணக்கே வேற.

2022 இலங்கையை நினைச்சுப் பாருங்க. பால்மா, நம்ம பால் பவுடரை அங்க அப்படித்தான் சொல்றாங்க, பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துதான் வரணும். அந்த மார்ச்சில் உணவுப்பொருள் கண்டெய்னர்கள் கொழும்பு துறைமுகத்திலேயே தேங்கி நின்னுச்சு. சரக்கு இருக்கு, வாங்க ஆள் இருக்கு, வங்கியில டாலர் இல்ல. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர்றதையே அந்த நாடு நிறுத்தி வச்சது.

மே 18-ல் சென்னையில் இருந்து தமிழ்நாடு அரசின் முதல் நிவாரணக் கப்பல் கிளம்பியது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், கூடவே மருந்துகள். அது உதவி, அதுக்கு யாரும் டாலர் தேட வேண்டியதில்ல. வியாபாரம் அப்படியா?

ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணை டிஜிஎஃப்டி தளத்தில் மொபைல்லயே வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய். அது சுலபம். பணம் வாங்குறதுதான் கஷ்டம். எல்.சி. வந்திடுச்சுன்னு நிம்மதியாகாதீங்க. அதைக் கொடுத்த வங்கியிடமே டாலர் இல்லன்னா அது வெறும் தாள். நம்ம நாட்டு வங்கி ஒண்ணு 'நானும் பொறுப்பு'ன்னு உறுதி சேர்த்த எல்.சி.யைக் கேளுங்க, இல்லன்னா முன்பணம்.

மத்திய அரசின் இ.சி.ஜி.சி. காப்பீடும் இருக்கு. வாங்கினவர் கைவிரிச்சா மட்டுமில்ல, அவர் நாடு பணத்தை வெளியே விடாம நிறுத்தினாலும் இழப்பில் ஒரு பகுதி கிடைக்கும். ஆனா சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். எந்த நாட்டில் ஆபத்து எவ்வளவுன்னு அவங்க தளத்தில் தரம் பிரிச்சுப் போட்டிருக்காங்க. விலை பேசுறதுக்கு முன்னாடி, போனை எடுத்து அதைப் பாருங்க.