நூலக வளர்ச்சியில் இணைமானியம்



மாநில அரசுகள் நடத்தும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. எனினும் பொது நூலகங்களுக்குத் துணைநிற்க மத்திய அரசு 1972-ஆம் ஆண்டில் ராஜா ராம்மோகன் ராய் நூலக நிறுவனத்தைக் கொல்கத்தாவில் தோற்றுவித்தது. மாநில அரசு தன் பங்கைச் செலுத்தினால் நிறுவனமும் தன் பங்கைச் சேர்க்கும்; இதுவே இணைமானியம். நிறுவனமே முழுத்தொகையும் ஏற்கும் உதவிகளும் உண்டு.

இணைமானியம் மாநிலங்களின் பொறுப்புணர்வை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் நூலகச் செலவே. மாநிலப் பங்கு குறையுமாயின் மத்திய உதவியும் குறைகிறது. நூல் மிகவும் தேவைப்படும் ஏழை வாசகரே இழப்பை அடைகிறார்.

ஆகவே, பங்குத்தொகையை வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கி, உரிய காலத்தில் விடுவிப்பது அதிகாரிகளின் கடமையாகும். இங்கு மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ரூபாயும் வரவேண்டிய உதவியையும் இழக்கச் செய்யும்.