கூட்டத்துக்கு வரும் தாய்மார்



பழம்பெருமை பேச இம்மேடையில் வேறு பலர் இருக்கிறார்கள். நாங்கள் இன்று படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

செட்டிபாளையத்தில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றால் பெரும்பாலும் தாய்மாரே வருவார்கள். தாய் வெளிநாட்டில் என்றால் அம்மம்மா வருவார். சிரமதானத்துக்கும் விளையாட்டுப் போட்டிச் சமையலுக்கும் அவர்கள்தான். எந்த வகுப்பறையை முதலில் திருத்துவது, பணத்தை எதில் செலவிடுவது என்ற பேச்சு வந்தால் மட்டும் கையுயர்த்தி ஆமோதிப்பதோடு சரி.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென 1993 இல் 8 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டம், அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் கூடித் திட்டம் வகுக்கும் குழுவைக் கொண்டுவந்தது. ஆயினும் சங்கத்தின் தலைவர் பதவிவழி அதிபரே. ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் மேலிடத்துக் காரியம். கணித ஆசிரியர் இல்லையென்று பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் பெற்றோர் மனுதான் கொடுக்கலாம்.

இந்தியாவில் 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சிக்காகோவிலோ 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பெற்றோர் 6 பேர் இருக்கும் சபை அதிபரையே தெரிவுசெய்கிறது. அவ்வளவு தூரம் நாங்கள் கேட்கவில்லை. அதிபரை ஊர் தெரிவுசெய்தால் குடிப்போட்டியும் கட்சியும் பாடசாலைக்குள் வந்துவிடும். இதை நம்மூரவர்க்கு விளக்க வேண்டுமா?

அதே குடிமுறையில் ஒரு நன்மையும் உண்டு. கோயில் வண்ணக்கர் கணக்குக் காட்டாவிட்டால் குடிமக்கள் கேட்பார்கள். அந்தக் குடியோ தாய்வழி வருவது. பாடசாலையில் மட்டும் தாய் ஏன் வாய்திறப்பதில்லை? கேட்டால் பிள்ளையை ஆசிரியர் வேறு கண்ணால் பார்ப்பாரோ என்ற பயம். சுற்றறிக்கை எத்தனை வந்தாலும் இந்தப் பயம் போகாது. ஆகவே கேட்காமலே காட்டுங்கள் என்கிறோம். வருடாந்தத் திட்டத்தையும் வரவு செலவையும் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னர் எளிய தமிழில் எழுதி ஒட்டுங்கள். வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகும் தாய் ஒருநாள் சம்பளத்தை இழப்பார். ஞாயிறு பின்னேரம் வைக்கலாம்.

குழுவில் பழைய மாணவியராகிய எமக்கும் ஆசனம் உண்டு. எங்களிற் பலரின் பிள்ளைகள் பட்டணத்துப் பாடசாலைகளில். இங்கே படிக்கும் பிள்ளையின் தாயைவிட நாங்கள் உரத்துப் பேசுவது முறையன்று. எங்கள் ஆசனத்தில் இருப்பவர், கூட்டத்துக்கு முன் அந்தத் தாய்மாருடன் அமர்ந்து கணக்கை வரிவரியாக வாசிக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இதைத் தொடங்க அதிபர் அவர்களின் அனுமதியைக் கேட்கிறோம்.