வெனிஸ் நகரில் முழங்கால் தண்ணீரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "வெளிநாடெல்லாம் சுத்தினவன்தானே நீ, பயண அனுபவம் ஏதாவது பேசுடா" என்று உத்தரவு போட்டார். நான் பம்ப் கம்பெனிக்காரன். எந்த ஊருக்குப் போனாலும் என் கண்ணில் படுவது தண்ணீர்தான். ஆகவே தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

2019 நவம்பரில் ஒரு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதற்காக இத்தாலியில் பதுவா நகருக்கு என்னை அனுப்பினார்கள். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது. ரயிலேறினால் அரை மணியில் வெனிஸ். ஓட்டல்காரர் தலையில் அடித்துக்கொண்டார், "இன்னிக்குப் போறியா?" என்று. அந்த வாரம் செவ்வாய் இரவு, 12ஆம் தேதி, கடல் 187 சென்டிமீட்டர் ஏறி ஊரின் 80 சதவீதத்துக்கும் மேல் மூழ்கிப்போயிருந்தது. 1966 நவம்பர் 4ஆம் தேதி ஏறிய 194தான் இன்றுவரை அதிகபட்சம். அதற்கு அடுத்தது இதுதான். நம்ம ஊர் ஆள் கேட்பானா? கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதியது. அங்கே சங்குக்கும் ஒரு கணக்கு உண்டு. முதலில் ஒரு அபாயச் சங்கு, அப்புறம் சுருதி. ஒரு சுருதி என்றால் 110 சென்டிமீட்டர், இரண்டு என்றால் 120, மூன்று என்றால் 130, நான்கு என்றால் 140க்கும் மேல். அன்றைக்கு நான்கு சுருதியும் படிப்படியாக ஏறிக் கேட்டன. கேட்க இனிமையாகத்தான் இருந்தது, அர்த்தம் தெரியாத வரைக்கும்.

தெருவோரத்தில் ஒரு பங்களாதேஷ் தம்பி முழங்கால் வரை வரும் பிளாஸ்டிக் உறை விற்றுக்கொண்டிருந்தார். என் ஓட்டை இந்தியைக் கேட்டுச் சிரித்தவர், பேரமே பேசாமல் இரண்டு யூரோ குறைத்துக் கொடுத்தார். அதைச் செருப்போடு சேர்த்து மாட்டிக்கொண்டு நடந்தேன். வெள்ளம் என்றால் ஓடிவரும் என்றுதானே நமக்குப் பழக்கம்? அங்கே அப்படியில்லை. கற்களின் இடுக்கிலும் சாக்கடைக் கம்பி வழியாகவும் சத்தமில்லாமல் ஊறி மேலே வருகிறது. பத்து நிமிடம் முன்னால் நடந்த இடத்தில் கணுக்கால் அளவு நின்றது. மதியம் நெருங்கும்போது என் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அட்ரியாடிக் கடல் புகுந்துவிட்டது. சரி, சான் மார்க்கோ சதுக்கம் இன்றைக்கு நமக்கு இல்லை என்று, ஒரு காகிதப் பொருள் கடைக்குள் ஒதுங்கினேன்.

அந்தக் கடைக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அவருக்கும் எனக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். வாசலில் பலகை அடைத்து ஓரமெல்லாம் பூசியிருந்தார், ஆனாலும் தரை வழியாக வந்துவிட்டது. ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. சுவரில் இரண்டு பென்சில் கோடுகள். மேலே உள்ளது 1966, அவருடைய அப்பா போட்டது. நாலு விரல் கீழே உள்ளது அந்தச் செவ்வாய்க்கிழமை, இவர் போட்டது. தண்ணீர் வடிந்ததும் குழாய்த் தண்ணீரில் சுவரைக் கழுவுவாராம். உப்பு செங்கலுக்குள் ஏறிக் காய்ந்தால் அதுவே சுவரை உதிர்த்துவிடுமாம். அஸ்திவாரத்தைப் பற்றிக் கவலை இல்லை, அது சேற்றுக்குள் அடித்த மரக்கட்டை, காற்றுப் படாததால் நூற்றாண்டுகளாக நிற்கிறது. அவருடைய தொல்லையெல்லாம் மேலே உள்ள செங்கலில்தான்.

அன்று 160 வரும் என்று சொல்லியிருந்தார்கள், 150தான் வந்தது. "150 என்றால் என் தோளைத் தொடணுமே, முழங்கால்தானே நனைகிறது?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கணக்கு தெருவிலிருந்து கிடையாது, 1897ஆம் ஆண்டின் சராசரிக் கடல் மட்டம்தான் பூஜ்யம் என்றார். அதற்கப்புறம் கடலும் ஏறியிருக்கிறது, ஊரும் இறங்கியிருக்கிறது. எதிர்க்கரையிலுள்ள மார்கேரா தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியது ஒரு காரணம், 1970களில் அதை நிறுத்தினார்கள். சாதாரணமாகக் கடல் நிற்கும் இடமே பழைய பூஜ்யத்துக்குச் சுமார் ஒரு அடி மேலே. அதன்மேல் அமாவாசை, பௌர்ணமி ஓதமும், அட்ரியாடிக்கின் நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு வரும் சிரோக்கோ காற்றும் சேர்ந்தால் சங்குதான்.

இதைத் தடுக்கத்தான் 2003இல் மோசே திட்டத்தைத் தொடங்கினார்கள். கடல் பிளந்த நம்ம பைபிள் மோசேதான், பெயர்ச்சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. கடலிலிருந்து காயலுக்குள் வர மூன்று வாய்கள் உண்டு, லிடோ, மலமோக்கோ, கியோஜா. அங்கே அடித்தளத்தில் 78 இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் அகலம், உள்ளே கூடு. சாதாரண நாளில் தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்திருப்பார்கள். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் தண்ணீர் வெளியேறி, கீல் போட்ட கதவு மாதிரி எழுந்து நிற்கும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைவிட அழகான ஆர்க்கிமிடிஸ் பாடம் கிடைக்காது! ஆனால் நான் போன வாரம் அது முடியவில்லை. அந்தச் செவ்வாய் இரவு பெலஸ்திரீனா தீவில் ஒரு முதியவர், வீட்டுக்குள் வந்த தண்ணீரை பம்ப் போட்டு இறைக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். பம்ப் விற்கிறவனுக்கு இது எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

2020 அக்டோபர் 3ஆம் தேதி கதவுகள் முதல் தடவையாக ஊரைக் காப்பாற்றின. சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 8ஆம் தேதி, 130ஐத் தாண்டாது என்ற கணிப்பை நம்பிக் கதவைத் தூக்காமல் விட்டார்கள். 138 வந்துவிட்டது. கதவு தயார், ஆள் தயார், காற்றும் தயார், எண் மட்டும் தப்பு. செய்தியைப் படித்துவிட்டு ஆபீசில் ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி விமர்சனம் பண்ணினேன்.

அடுத்த வருஷம், 2021 நவம்பர் மழை. சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வெள்ளம் இறைக்கும் பம்ப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ரோட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று வரைபடத்தின் மட்டத்தை நம்பி, கன்ட்ரோல் பேனலைக் கீழ்த்தளத்திலேயே வைத்தேன். வரைபடத்தின் பூஜ்யம் பழைய ரோடு. அதற்கப்புறம் எத்தனை தடவை ரோடு போட்டார்கள், எவ்வளவு ஏறியது, நான் அளக்கவே இல்லை. சரிவு வழியாகத் தண்ணீர் இறங்கி முதலில் மூழ்கியதே பேனல்தான். பம்ப் புத்தம் புதுசு, ஓடவில்லை. லிஃப்ட் நின்றது, மூன்று நாள் குடிதண்ணீர் மேலே ஏறவில்லை. நாலாவது மாடியிலிருந்து ஒரு பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். ஒரு பக்கம் நானும் பிடித்திருந்தேன். வெனிஸ் வரை போய்ப் பூஜ்யத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தவன் சார் நான்!

பேனலை முதல் மாடிப் படிக்கட்டுக்கு மாற்றினேன், செலவு எங்களுடையது. மறு வருஷம் 2022 நவம்பர் 22ஆம் தேதி வெளியே கடல் 170க்கு மேல் ஏறியும், மோசே நின்றதால் வெனிஸுக்குள் தெரு நனையவில்லை என்று படித்தேன். அந்தக் காகிதக் கடையின் சுவரில் மூன்றாவது கோடு விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அந்தப் பாட்டியிடமிருந்து போன் வந்தது. "பம்பு வெச்ச தம்பிதானே? இங்க மறுபடி ரோடு போடறாங்கப்பா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார். போய் அளந்தேன். ஐந்து அங்குலம் ஏறியிருந்தது. சரிவின் தலையில் அரையடி வரம்பு கட்டச் சொல்லிவிட்டு, பாட்டி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.